காப்பியைக் கீழே வைத்த மைனிக்கு

மைனி,

அன்றைக்கு அந்த மஜ்லிஸில், அரபி வீட்டு வரவேற்பறையில், இருந்தவர்களை இப்போதும் என்னால் ஒருவர் விடாமல் உட்காரவைத்துக் காட்ட முடியும். கதவோரமாகக் கம்பளத்தில் நீ. உன் இடது கைப்பக்கம் நான். நமக்கு முன்னால், நாம் சொல்வதை அரபியில் எடுத்துச் சொல்ல வந்த நம் ஊர் டெல்பின், கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட சட்டையில். எதிர்ச் சுவரோரம் திண்டில் சாய்ந்துகொண்டு அர்பாப், உன் மகன் மிக்கேல் வேலை பார்த்த படகின் முதலாளி. அவர் பக்கத்தில் அவருடைய தங்கை மகன் காலித், அந்தப் படகுக்கு நகுதா, அதாவது தலைவன், என்று காகிதத்தில் பெயர் இருந்தவன். காப்பி ஊற்றிக்கொண்டு மலப்புறத்து பஷீர். நடுவில் வீட்டுக்காரர், நாடாளுமன்றத்து மெம்பர். அவரை நாம் பெயர் சொல்லிப் பேசியதில்லை, மெம்பர் என்றால் அவர்தான். இன்னும் சில அரபிகள் இருந்தார்கள். பெயர் தெரியாது. முகத்தைக் காட்டினால் சொல்லிவிடுவேன்.

இத்தனை பேரையும் இன்றைக்கு என் முன்னால் கொண்டுவந்து உட்காரவைத்தது ஒரு கோப்பை.

லீவுக்கு ஊருக்குப் போய்த் திரும்பிய ஒருவர் கையில் மிக்கேல் கொடுத்துவிட்ட பொதி காலையில் வந்தது. நெத்திலிக் கருவாடு, மரச்சீனி வற்றல், உன் முப்பதாம் நாள் பூசைக்கு அடித்த படம். படத்தில் நீ சிரிக்கவில்லை, அது உனக்குப் பொருத்தம்தான். எல்லாவற்றுக்கும் நடுவில் உன் பழைய சேலைத்துண்டில் சுற்றிய சின்ன உருண்டை. பிரித்தால் பிடியில்லாத குட்டிக் கோப்பை, விளிம்பில் தங்கக்கோடு. என் மகள் ஸ்டெல்லா மோந்து பார்த்துவிட்டுக் கருவாட்டு நாற்றம் என்றாள். எனக்கு ஏலக்காயும் குங்குமப்பூவும்தான் மணத்தது. திருப்பி அடியைப் பார்த்தேன். பார்த்தவள் அப்படியே அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அடியில் என்ன இருந்தது என்பதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன். ஒரு கோபத்தை இத்தனை வருடம் பொத்தி வளர்த்தவள் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட மாட்டாள் என்று உனக்குத் தெரியும்.

மிக்கேலும் கிளீட்டஸும் பிடிபட்ட சேதி வந்தபோது நீ ஈசா டவுனில் அந்த பேங்க் மேனேஜர் வீட்டில் சாம்பார் தாளித்துக்கொண்டிருந்தாய். கும்பகோணத்துக்காரர்கள். மீன் வாசம் ஆகாத வீட்டில் கடற்கரைக்காரியைச் சமையலுக்கு வைத்திருந்ததே எனக்குச் சந்தேகம்தான், சம்பளம் குறைவாகக் கேட்பாள் என்று வைத்திருப்பார்கள். நான் ஸ்டெல்லாவின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தேன். அவளுக்கு ஆஸ்பத்திரியில் டூட்டி. நாலு தெரு தள்ளி என் தம்பி பொஞ்சாதி இருக்கிறாள் என்பதுதான் எனக்கு இந்த ஊரில் இருந்த ஒரே சொந்தம். ஞாயிற்றுக்கிழமை பூசை இங்கே வெள்ளிக்கிழமை. பூசை முடிந்து வேப்பமரத்தடியில் நின்று நாம் இரண்டு பேரும் பேசாத ஆள் உண்டா?

விஷயம் என்னவென்று யாருக்காவது சொல்ல வேண்டுமென்றால் நான் இப்படித்தான் சொல்வேன். உள்நாட்டு நகுதா ஒருவர் ஏறாமல் எந்த மீன்பிடிப் படகும் துறைமுகத்தை விட்டுப் போகக்கூடாது. இது இந்த ஊர்ச் சட்டம். காகிதத்தில் காலித் பெயர் இருந்தது. காலித் எப்போதும் கோல்ட் ஸ்டோர் மளிகைக்கடை வாசலில் காருக்குள் ஏ.சி. போட்டு உட்கார்ந்து, கடைக்காரன் கொண்டுவந்து நீட்டும் டீயைக் குடித்துக்கொண்டிருப்பான். அவன் காலில் கடல் தண்ணீர் பட்டதைப் பார்த்தவர் கிடையாது. படகை ஓட்டியது நம் மிக்கேலும் அடுத்த ஊர் கிளீட்டஸும். எஞ்சின் நின்று, காற்று தள்ளி, எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். கடலில் என்ன கோலமா போட்டுவைத்திருக்கிறார்கள், இது உன் எல்லை, இது என் எல்லை என்று தெரிய? பக்கத்து நாட்டு போலீஸ் பிடித்துப் போனது.

முதலாளி ஒரு வார்த்தை, என் ஆட்கள்தான், நான்தான் அனுப்பினேன் என்று சொன்னால் போதும். அபராதத்தோடு விட்டுவிடுவார்கள். ஆனால் அப்படிச் சொன்னால், நகுதா எங்கே என்று கேட்பார்கள். படகு லைசென்ஸ் போகும். அதனால் அர்பாப் என்ன சொன்னார்? அவர்கள் என்னைக் கேட்காமல் படகைத் திருடிக்கொண்டு போனார்கள் என்று சொல்லிவிட்டார். ஒரே நாளில் உன் மகன் திருடன் ஆனான். பத்தொன்பது வயதிலிருந்து அவருக்கு வலை இழுத்தவன்.

நீ அழவில்லை. தவக்காலம் தொடங்கியிருந்தது. மிக்கேல் வெளியே வரும்வரை காப்பி தொடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டாய். அடுக்களைக்காரி காப்பியை விடுவது என்றால் சும்மாவா? மேனேஜர் வீட்டில் நாள் முழுக்க ஃபில்டர் சொட்டிக்கொண்டே இருக்கும். அதை மோந்து மோந்து ஆற்றிக் கொடுத்துவிட்டுச் சுடுதண்ணீர் குடித்தாய். கறியை விடு, அது போதும் என்று நான் சொன்னேன். "கறி எனக்கு வாரத்துக்கு ஒருக்கதான் மைனி கிடைக்குவு. கிடைக்காததை விட்டா அது நேர்ச்சையா?" என்றாய். நல்ல பதில்தான். அன்றைக்குச் சொல்லவில்லை, இன்றைக்குச் சொல்கிறேன்.

அப்போதுதான் டெல்பின் வந்தான். ஒரு கம்பெனியில் மந்தூப் வேலை, அலுவலகம் அலுவலகமாகக் காகிதத்தோடு திரிந்து முத்திரை வாங்குகிறவன். அரபி தண்ணீராக ஓடும். ஜெபக்கூட்டத்தில் முதல் நாற்காலி. அதுவரை ஒருவர் விசாவுக்கும் துரும்பை அசைக்காதவன், மைனி, நானே உங்களை மெம்பர் வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்று தானாக வந்து நின்றால் எனக்கு எப்படி இருக்கும்? காரில் போகும்போது சொன்னான்.

"அங்க போய் நகுதா கிகுதான்னு ஒண்ணும் பேசப்பிடாது. கருணை கேட்டு அழுங்க, அது போதும். மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

"அழதுக்கு எனக்கே தெரியும் டெல்பினு. அதுக்கு நீ எதுக்கு?" என்றாய்.

அவன் கண்ணாடியில் உன்னைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன்.

இங்கே பெண்கள் ஆண்களுடைய மஜ்லிஸில் உட்காரும் வழக்கம் இல்லை. உள்வாசல் வழியாகப் பெண்கள் பக்கம் அனுப்பிவிடுவார்கள். இந்தியாவிலிருந்து ஒரு தாய் வந்திருக்கிறாள் என்று பஷீர் சொன்னதும், இங்கேயே வரட்டும் என்று மெம்பர் சொன்னாராம். அதற்காக அவரை நான் அன்றைக்கு மெச்சினேன். உள்ளே நுழைந்ததும் என் மெச்சல் பாதி இறங்கிவிட்டது. சாய்ந்துகொண்டு இருக்கிறார் அர்பாப். மெம்பருடைய தெருக்காரர், அவருக்கு ஓட்டுப் போட்டவர், வாராவாரம் வந்து காப்பி குடித்துவிட்டுப் போகிறவர். நாம் யாரைப் பற்றிச் சொல்ல வந்தோமோ அவர் நமக்கு முன்னாலேயே வந்து குடித்துக்கொண்டிருக்கிறார். டெல்பினுக்கு இது தெரியாதா? தெரிந்துதான் அந்த நேரம் பார்த்துக் கூட்டிவந்திருக்கிறான்.

பஷீர் நமக்கும் ஊற்றினான். நான் குடித்தேன். குடித்ததும் மறுபடி ஊற்றினான். மரியாதைக்கு அதையும் குடித்தேன். மறுபடி ஊற்றினான். போதும் என்றால் கோப்பையைக் குலுக்கிக் காட்ட வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நெஞ்சு படபடவென்று அடிக்க நான் அந்தக் கசப்பை விழுங்கிக்கொண்டிருக்கிறேன், நீ நேர்ச்சைக்காரி, வாங்கிய கோப்பையை அப்படியே உனக்கு முன்னால் கம்பளத்தில் வைத்துவிட்டாய்.

டெல்பின் பேச ஆரம்பித்தான். ரொம்ப நேரம் பேசினான். நெஞ்சில் கை வைத்தான், மேலே பார்த்தான். எனக்கு அரபி வராது. ஆனால் என் காதில் இரண்டு வார்த்தை நன்றாக விழும். ஒன்று சுக்ரன், நன்றி. இன்னொன்று நகுதா, ஏனென்றால் மிக்கேல் வாயில் அந்த வார்த்தை வராத நாளில்லை. டெல்பின் பேச்சில் முதல் வார்த்தை திரும்பத் திரும்ப வந்தது. இரண்டாவது வரவேயில்லை. உன் கையைக் கிள்ளினேன். நீ தலையசைத்தாய். உனக்கும் விளங்கியிருந்தது. அர்பாப் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். எல்லாம் முடிந்தது, நாம் எழுந்திருக்க வேண்டியதுதான்.

அந்த நேரத்தில் மெம்பர் உன் கோப்பையைப் பார்த்தார்.

ஒவ்வொருவராகத் திரும்பி உன் முன்னால் இருந்த கோப்பையைப் பார்த்தார்கள். பஷீரின் செம்பு அந்தரத்தில் நின்றது. காப்பியில் ஈ விழுந்துவிட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். பிறகு வெளியே செருப்பு மாட்டும்போது பஷீர்தான் சொன்னான்: "காப்பி குடிக்காம கீழ வெச்சா, எனக்கு ஒரு காரியம் உண்டு, அது நடக்காம குடிக்கில்லான்னு இவிடே அர்த்தம், சேச்சி." அவர்கள் வழிவழியாக வைத்திருக்கும் முறையாம். அப்படிக் கோப்பையை வைத்த விருந்தாளியிடம் வீட்டுக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டே ஆக வேண்டுமாம். கேட்காவிட்டால் அவருக்குத்தான் கேவலம்.

மெம்பர் கேட்டார். டெல்பின் குறுக்கே விழுந்து, இவள் நோன்பு இருக்கிறாள், அவ்வளவுதான் என்று சொன்னான். உண்மையைத்தான் சொன்னான், பாவி, அந்த ஒரு நாளில் அவன் சொன்ன ஒரே உண்மை அது. ஆனால் நோன்பிருக்கிறவள் கோப்பையையே கையில் வாங்கமாட்டாளே, அது அவர்கள் கணக்கு. மெம்பர் அவனைக் கையமர்த்திவிட்டு உன்னைப் பார்த்தார்.

உனக்கு மேனேஜர் வீட்டு வாசலில் காய்காரனிடமும் குப்பைக்காரனிடமும் பேசிப் பிடித்த அரபிதான். நீ நிமிர்ந்து உட்கார்ந்தாய். சேலைத்தலைப்பை இழுத்துச் செருகினாய். காலித்தை நேராகக் கை நீட்டிக் காட்டினாய்.

"நகுதா மாஃபி. நகுதா பைத்."

நகுதா இல்லை. நகுதா வீட்டில். அவ்வளவுதான் சொன்னாய். டெல்பினுடைய அரைமணிப் பேச்சையும் அந்த நாலு வார்த்தை துடைத்துப்போட்டது. காலித் தலையைக் குனிந்தான். அர்பாப் எழுந்து நின்று ஏதோ கத்தினார். மெம்பர் உட்காரச் சொன்னார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார், அவர் உட்கார்ந்தார். உன் மாமியார் உயிரோடு இருந்து அதைப் பார்த்திருந்தால் வாய்க்காரி என்று உன்னை வைததையெல்லாம் திருப்பி விழுங்கியிருப்பாள்.

சபையில் கேட்கிறேன் என்று மெம்பர் வாக்குக் கொடுத்தார். வாக்குக் கொடுத்தபின் நீ குடித்தாக வேண்டும். நீ குடிக்கவில்லை. உனக்கு நேர்ச்சை. அவர்களுக்கோ, இவள் என் வார்த்தையை நம்பவில்லை என்று பட்டிருக்கிறது. சுற்றி இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். மெம்பர் முகம் சிவந்து, பிறகு சிரித்தார். காப்பியைக் கீழே ஊற்றச் சொல்லி, கோப்பையைத் துடைத்து உன் கையிலேயே கொடுத்தார். அவர் சொன்னதை டெல்பின் வேண்டாவெறுப்பாகத் தமிழில் சொன்னான்.

"செவ்வாக்கிழமை சபையில அமைச்சர்கிட்ட கேக்காராம். காரியம் முடிஞ்சப்புறம் இதே கோப்பையக் கொண்டுவந்து இங்க வச்சுக் குடிக்கணுமாம். அவரு உம்மா வச்சிருந்த செட்டாம். அடியில பொட்டு இருக்காம். மாறி வந்தா அவருக்குத் தெரியுமாம்."

திருப்பிப் பார்த்தோம். அடிவட்டத்தில் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு, கொஞ்சம் ஒழுகி வால் விட்ட பொட்டு. நம் ஊரில் கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் இரவல் கொடுத்தால் தொலையாமல் இருக்கப் பெயர் வெட்டுவோமே, அந்த அம்மா அதற்கு நெயில் பாலிஷ் வைத்திருக்கிறாள். ஊர் எதுவானாலும் பொம்பளைகளின் சந்தேகம் ஒன்றுதான் என்று திரும்பி வரும்போது சொல்லிச் சிரித்தாய். அன்றைக்குத்தான் கடைசியாக நாம் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டி.வி.யில் சபையைக் காட்டினார்கள், நீயும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாய். ஸ்டெல்லா டூட்டி முடிந்து வந்து, காலை வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு, அவர்கள் பேசுவதைத் தமிழில் சொன்னாள். நாம் மெம்பர் வீட்டுக்குப் போவது தெரிந்தபோது, "அம்மா, எம்பேர மட்டும் எங்கயும் சொல்லிராதிய" என்றவள் அவள். பயந்த கழுதை. ஆனாலும் சொன்னாள்.

மெம்பர் எழுந்து கேட்டார். நகுதா இல்லாமல் படகு போகக்கூடாது என்று நாமே சட்டம் போட்டோம். அந்தப் படகு போயிருக்கிறது. அன்று நகுதா எங்கே இருந்தார்? துறைமுகத்து வாசலில் அதைச் சோதிக்க வேண்டியவர் எங்கே இருந்தார்? கூலிக்காரன் சிறையில் இருக்கிறான், காகிதத்தில் பெயர் உள்ளவன் காரில் இருக்கிறான், இதற்குப் பெயர் என்ன?

அமைச்சர் பதில் சொன்னார். சட்டம் நல்ல சட்டம், சோதனை நடந்துகொண்டிருக்கிறது, இதுவரை ஒரு புகாரும் வரவில்லை. அவர் வாயை நான் பார்க்கவில்லை, கையைப் பார்த்தேன். பதில் தெரிந்த மனுஷன் முன்னால் கிடக்கும் காகிதத்தை அப்படிப் புரட்டமாட்டான். ஒரு புகாரும் இல்லையா, என் வீட்டுக் கோப்பை ஒன்று ஒரு தாயின் வீட்டில் குடிக்கப்படாமல் இருக்கிறதே, அது என்ன என்று மெம்பர் கேட்டதும் சபையே சிரித்தது. அமைச்சரும் சிரித்தார். அடுத்த வாரம் விவரத்தோடு பதில் சொல்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

நீ சாய்ந்து உட்காரவே இல்லை. சிரிக்கிறார்களே, எதற்கு என்று மட்டும் கேட்டாய்.

அந்த ஒரு வாரத்தில் எல்லாம் நடந்துவிட்டது. அர்பாப் தன் வார்த்தையை மாற்றினார். மிக்கேல் சின்னவன், அவனுக்கு ஒன்றும் தெரியாது, படகைத் திருடியது கிளீட்டஸ் ஒருவன்தான் என்றார். மிக்கேலை விட்டு, அங்கிருந்தே ஊருக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள். அதே வாரம் மேனேஜர் உன்னை அழைத்து, நாங்கள் அமைதியாக இருக்க விரும்புகிறவர்கள் அம்மா என்று சொல்லி டிக்கெட்டைக் கையில் கொடுத்தார். அர்பாபுக்கு அவர் பேங்கில்தான் கணக்கு. நீ மகனைப் பார்க்கிற அவசரத்தில் ஒன்றும் கேட்காமல் பெட்டியைக் கட்டினாய். விமான நிலையத்துக்கு உன்னைக் கொண்டுவிட்டது யார்? டெல்பின். கிளீட்டஸ் என்ன ஆவான் என்று நான் கேட்டேன். அவனுக்கு இங்கே தாயுமில்லை, மைனியுமில்லை. கண்ணைத் தாழ்த்திக்கொண்டாய். அது என் மனதில் முள்ளாகக் குத்தியது.

அடுத்த செவ்வாய். அமைச்சர் எழுந்திருப்பதற்கு முன்னால் மெம்பர் எழுந்தார். பையிலிருந்து ஒரு குட்டிக் கோப்பையை எடுத்தார். விளிம்பில் தங்கக்கோடு. கவிழ்த்தார், அடியைப் பார்த்தார், மேசைமேல் வைத்தார். அந்தத் தாய் என் கோப்பையைத் திருப்பி அனுப்பிவிட்டாள், அவள் காரியம் முடிந்தது, என் கேள்வியைத் திரும்பப் பெறுகிறேன் என்றார். அமைச்சர் எழுந்து நன்றி சொன்னார். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். அன்று நகுதா எங்கே இருந்தார் என்ற கேள்விக்குப் பதில் அதற்குப் பிறகு அந்தச் சபையில் யாரும் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. கிளீட்டஸ் திருடனாகவே உள்ளே இருந்தான்.

எனக்கு நெஞ்சு எரிந்தது. தன் மகன் வந்ததும் கோப்பையைக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொண்டாள், அடுத்தவள் புருஷன் எப்படிப் போனால் என்ன என்று விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். கார்டு வாங்கி உனக்கு ஃபோன் போட்டேன்.

"நான் கொடுக்கல மைனி. கோப்ப எங்கிட்டதான் இருக்கு."

"பின்ன அவரு கையில இருந்தது என்ன, உன் கபாலமா? அடியத் திருப்பிப் பாத்தாரு. எங்கண்ணால பாத்தேன்."

"நீ பாத்தது எனக்குத் தெரியாது. கோப்ப எங்கிட்ட இருக்கு."

வைத்துவிட்டேன். டெல்பின் ஜெபக்கூட்டத்தில், மைனி கோப்பையை என் கையில்தான் தந்தார்கள், நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன் என்று சாட்சி சொன்னான். அதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்? அவன் பொய்யன் என்று தெரிந்த எனக்கு, அவன் சொன்னதில் உன்னைக் குறை சொல்லும் பகுதி மட்டும் மெய்யாகப் பட்டது. கொஞ்ச நாளில் அவன் அர்பாபின் படகுகளுக்கும் மந்தூப் ஆனான். கார் மாற்றினான்.

பிறகு நான் லீவுக்கு வந்தபோது, என் தம்பியின் முகத்துக்காக உன் வீட்டுக்கு வந்தேன். நீ காப்பி போட்டுக் கொண்டுவந்தாய். உனக்கு மட்டும் சுடுதண்ணீர். அதை நான் அப்போது கவனித்தேன், ஆனால் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. டம்ளரை வாங்கித் தொடாமல் தரையில் வைத்தேன். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"காப்பியக் கீழ வச்சிட்டியே மைனி. உனக்கு என்ன காரியம் வேணும்?"

ஒன்றும் வேண்டாம் என்றேன். இரு, ஒரு சாமானம் எடுத்துட்டு வாரேன் என்று உள்ளே போனாய். முறுக்கு கிறுக்கு எடுத்துவந்து மழுப்பப் போகிறாள் என்று நினைத்து, நீ வருவதற்குள் இறங்கி வந்துவிட்டேன். பின்னால் நீ கூப்பிட்டது கேட்டது. திரும்பவில்லை. அதற்குப் பிறகு உன்னை நான் பார்க்கவில்லை. உன் அடக்கத்துக்கும் எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை.

இன்றைக்கு அடுக்களைத் தரையில் உட்கார்ந்து இந்தக் கோப்பையைத் திருப்பினால், சிவப்புப் பொட்டு. ஒழுகி வால் விட்ட அதே பொட்டு.

மிக்கேலுக்கு ஃபோன் போட்டேன். "அம்மை அத யாரையும் தொட விடமாட்டா அத்தே. கிளீட்டஸ் அண்ணன் விடுதலையாகி வந்தாருல்லா, அன்னைக்கு அவர வீட்டுக்குக் கூப்பிட்டா. அவருக்கு ஒரு டம்ளர் காப்பி, இவளுக்கு இந்தக் கோப்பையில காப்பி. அன்னைக்குத்தான் நேர்ச்சையக் கழிச்சா" என்றான். கிளீட்டஸ் வந்தபோது அவன் தலை முழுக்க நரைத்திருந்ததாம். அவன் இல்லாமலே அவன் மகள் கல்யாணம் முடிந்திருந்ததாம். உன் மகன் என்றோ வீட்டுக்கு வந்துவிட்ட பிறகும் நீ அத்தனை வருடம் சுடுதண்ணீர் குடித்திருக்கிறாய், கிளீட்டஸுக்காக. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வந்தபோது நான் நிற்கவில்லை, அது இருக்கட்டும். படியிறங்கி ஓடி வந்து என் தலையில் இதை வைத்து அடித்திருக்கலாம் அல்லவா? அந்தக் குறை எனக்கு உன்மேல் இன்னும் இருக்கிறது.

ஸ்டெல்லா, எல்லாம் டெல்பின் செய்த வேலை அம்மா என்கிறாள். செய்திருப்பான். இந்த மாதிரிக் கோப்பை இங்கே எந்த சூக்கிலும் குவித்துவைத்து விற்கிறார்கள். ஒன்றை வாங்கி, ஒட்டியிருந்த விலைக் கடுதாசியை உரித்துவிட்டு, மைனி தந்தாள் என்று கொண்டுபோய் நீட்டியிருப்பான். அவனை நான் நாலு பேர் முன்னால் வைவேன், இந்த வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் அதே வேப்பமரத்தடியில் வைத்தே வைவேன். வைதுவிட்டு விட்டுவிடுவேன். வயிற்றுக்கு அலைகிறவன், எவன் தட்டு நீட்டினாலும் போவான். அர்பாப் தன் படகைப் பார்த்தார். காலித் தன் தோலைப் பார்த்தான். அமைச்சருக்குப் பதில் சொல்லாமல் இருப்பதே உத்தியோகம். பெரிய வீட்டு ஆட்களிடம் பேங்க் மேனேஜர்கள் எப்படி இருப்பார்கள் என்று நமக்குத் தெரியாதா? இவர்கள் யாரும் நம்மிடம் வாக்குக் கொடுக்கவில்லை.

ஆனால் ஒருவர் கொடுத்தார். ஒரு மஜ்லிஸ் நிறைய ஆட்கள் இருக்க, கதவோரம் ஒரு சமையல்காரி குடிக்காமல் வைத்த கோப்பையைக் கண்டுபிடித்த கண் அது. மாறி வந்தால் எனக்குத் தெரியும் என்று தன் வாயால் சொன்னவர். அந்தச் செவ்வாய்க்கிழமை சபை நடுவில் கோப்பையைக் கவிழ்த்து அடியைப் பார்த்தவர். பொட்டைப் பார்த்துக்கொண்டார் என்று அன்றைக்கு நான் நினைத்தேன். பொட்டு உன் சேலைத்துண்டுக்குள் இருந்தது மைனி. அங்கே அவர் பார்த்தது வெறும் வெள்ளை. பார்த்துவிட்டு, மேசைமேல் வைத்துவிட்டு, கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

கோப்பையை ஸ்டெல்லா கண்ணாடி அலமாரியில் வைக்கலாம் என்றாள். வேண்டாம் என்று என் ஜெபப்புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன், கவிழ்த்து, பொட்டு மேலே தெரிகிற மாதிரி. ராத்திரி ஜெபத்தில் எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பதுபோல என்ற இடம் வரும்போது உன் பெயரைச் சொல்கிறேன். டெல்பின் பெயரைக்கூடச் சொல்லிப் பார்க்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு. ஒரு பெயர் வரும்போது மட்டும் வாயை மூடிக்கொண்டு அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறேன். அவர் தெருவில் அவரை மூத்த மகன் பெயரோடு சேர்த்துத்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். இத்தனை நாள் மெம்பர் என்றே சொல்லிவந்தேன், இன்றைக்கு முழுதாக எழுதுகிறேன்.

அபு ஸாஹிர்.